‘ஆறுக்கு ஆறு’ எழுதி நான் திருடனாக்கிய மனிதர்

‘ஆறுக்கு ஆறு’ என்று எழுதும்போது உங்கள் கை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். என் கையும் அப்படித்தான் ஓடியது. முப்பத்தோரு வருடம் தூத்துக்குடியில் ஒரே கண் ஆஸ்பத்திரியில், ஒரே அரையிருட்டு அறையில், ஒரே எழுத்துப் பலகைக்கு முன்னால் ஓடிய கை அது. நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தி, சுவர்க்கடிகாரம் கொடுத்து, புதிதாக வந்த கண் பரிசோதகர்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னீர்கள். நன்றி என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். முன்வரிசையில் பெரிய டாக்டர் இருந்தார். மனதில் இருந்ததைச் சொல்லியிருந்தால் கேசரி யார் தொண்டையிலும் இறங்கியிருக்காது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

என் கையால் ஒரு மனிதரைத் திருடனாக்கினேன். எண்ணைத் தப்பாக எழுதி அல்ல. சரியாக எழுதித்தான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருவது அதனால்தான்.

ஓய்வுக்கு மூன்று வருடம் முன்பு, ஒரு திங்கட்கிழமை காலை. வெளியே நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். என் அறைக்குள் ஐந்து ஆண்கள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மொத்தமாக நுழைந்தார்கள். கண் பார்க்க வருகிறவரை மனைவி கூட்டி வருவாள், மகள் கூட்டி வருவாள். ஐந்து ஆண்கள் சேர்ந்து வந்தால் அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. "கூட்டம் போடாதீங்க, ஒருத்தர் மட்டும் நில்லுங்க" என்று எரிந்து விழுந்ததோடு சரி.

நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அவரைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பெயர் இஞ்ஞாசி. திரேஸ்புரம். தொழில் சங்குக் குளி. கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவர்கள் நம்மிடம் வருவது புதிதல்ல, கண் சிவந்து வருவார்கள், காது வலிக்கிறது என்றுகூட வழி தெரியாமல் நம்மிடம் வருவார்கள். கூட வந்தவர்களில் மூத்தவர் கஸ்பார், அவர்கள் வள்ளத்தின் தண்டல், அதாவது வள்ளத்துக்குப் பொறுப்பானவர். அவர்தான் பேசினார்.

"சிஸ்டர், இவன் கண்ணு நல்லாருக்கா இல்லியான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. வாயால வேண்டாம். பேப்பர்ல எழுதி, சீல் போட்டுத் தாங்க."

நான் நர்சும் இல்லை, கன்னியாஸ்திரீயும் இல்லை. கண் பரிசோதகர். ஆனாலும் கடற்கரையில் வெள்ளைக் கோட்டு போட்ட பெண் எல்லாரும் சிஸ்டர்தான். திருத்தித் திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன்.

எதற்குச் சான்றிதழ் என்று நான் கேட்கவில்லை. இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒரு கண்ணை மறைத்துப் படிக்கச் சொன்னேன். கடைசி வரி வரைக்கும் தடங்கல் இல்லாமல் படித்தார். மற்றக் கண்ணும் அப்படியே. நல்ல கண் ஆறு மீட்டர் தூரத்தில் எதைப் படிக்குமோ அதை அவரும் ஆறு மீட்டரில் படித்தார். ஆறுக்கு ஆறு. எழுதப்போகும்போது இஞ்ஞாசி மெல்லச் சொன்னார்.

"இது தெரியுது சிஸ்டர். அங்கன தெரிய மாட்டேங்குது."

"எங்கன?"

"அடியில. கடல்ல."

நான் சிரித்தேன். "தண்ணிக்கு அடியில யாருக்குத்தான் தெரியும்?" என்றேன். கடலை ஒட்டாத நாசரேத் ஊர்க்காரி நான். கடல் என்றால் எனக்குத் திருச்செந்தூரில் கொலுசு நனையும் வரைக்கும்தான். சிரிப்பதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

அவர் விடவில்லை. "சங்கு கிடக்க எடத்துல எழுத்தா எழுதிப் போட்டிருக்கு, சிஸ்டர்?" என்றார். பின்னால் நின்ற ஒருவன் "ஏலே, சிஸ்டர்கிட்டயும் ஆரம்பிச்சிட்டியா" என்றான்.

அந்தச் சமயத்தில் நம் ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் நடைமுறையில் இருந்தது. உங்களுக்குத் தெரியும், இன்றும் இருக்கிறது. கண் நோய் ஒருவருடைய அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்கும் வினாத்தாள். செய்தித்தாள் படிக்கச் சிரமமா? டி.வி. பார்க்க? படி இறங்க? டம்ளரில் தண்ணீர் ஊற்ற? எதிரே வருபவரின் முகம் தெரிய? ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டம், கட்டத்தில் டிக். நல்ல எண்ணத்தோடு எங்கோ யாரோ உருவாக்கியது, குறை சொல்லவில்லை. நானும் கடமைக்குக் கேட்டேன். செய்தித்தாள்? "நான் எங்க படிக்கேன், டீக்கடையில ஒருத்தன் வாசிப்பான்." சிரமமில்லை, டிக். படி? "எங்க வீட்ல படி ஏது?" சிரமமில்லை, டிக். முகம்? "எதிர்ல வந்து நின்னாத் தெரியும்." அதற்கும் சிரமமில்லை, டிக். ‘எதிர்ல வந்து நின்னா’ என்று அவர் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டே டிக் போட்டேன்.

கண்ணின் நீர் அழுத்தத்தைப் பார்த்திருக்கலாம். அந்தக் கருவி அடுத்த அறையில் இருந்தது. ஆனால் பெரிய டாக்டருடைய நிரந்தர உத்தரவு ஒன்று உண்டு. சான்றிதழுக்கு வருகிறவர்கள் கடைசி வரி படித்துவிட்டால் மேற்கொண்டு எதுவும் பார்க்க வேண்டாம், தன்னிடமும் அனுப்ப வேண்டாம். வரிசை நீண்டுவிடுமாம். ‘இரு கண்களும் 6/6. அன்றாட வேலைகளில் சிரமம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீல் குத்திக் கொடுத்தேன். கஸ்பார் அதை வாங்கி இரண்டு தடவை வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இஞ்ஞாசி எழுந்திருக்கவில்லை.

"நான் பொய் சொல்லல, சிஸ்டர்" என்றார்.

"யாரு சொன்னா பொய்யின்னு? கண்ணு நல்லா இருக்கு, சந்தோசமாப் போங்க" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். சந்தோசமாகப் போகச் சொன்னேன், பாருங்கள்.

ஆறேழு மாதம் கழித்து ஒரு பெண் வந்தாள். டோக்கன் எடுக்கவில்லை, வரிசையில் நிற்கவில்லை. நேரே என் மேசைக்கு வந்து அந்தச் சான்றிதழின் ஜெராக்சை என் முன்னால் வைத்தாள்.

"இந்தக் கையெழுத்து ஒங்களுதா?"

"ஆமா."

"நான் இஞ்ஞாசி பொஞ்சாதி. செல்வி. நீங்க எழுதுனதுக்கு அப்புறம் எங்க வீட்ல என்ன நடக்குன்னு கேக்க ஒங்களுக்கு நேரம் இருக்கா?"

நேரம் இல்லைதான். அவள் குரலில் வரிசையில் நின்றவர்களே பேச்சை நிறுத்திவிட்டார்கள். உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னாள்.

கஸ்பாரின் வள்ளத்தில் அவரையும் இஞ்ஞாசியையும் சேர்த்து ஆறு பேர் குளித்தார்கள். யார் எத்தனை சங்கு எடுத்தாலும் மொத்தமாகக் கொட்டி ஆறு பேரும் சமமாகப் பிரித்துக்கொள்வது அவர்கள் வழக்கம். நான் சான்றிதழ் எழுதுவதற்கு முந்தைய ஒரு வருடமாக இஞ்ஞாசியின் பையில் சங்கு குறைந்துகொண்டே வந்தது. மற்றவர்கள் பை நிறைய ஏறினால் இவர் இரண்டு மூன்றோடு ஏறுவார். எடுத்ததைக் கடலடியில் பாறை இடுக்கில் ஒளித்து வைத்துவிட்டு, வேறு வள்ளத்தில் போய் எடுத்து விற்கிறாரோ என்று சந்தேகம் வந்துவிட்டது. அவரோ கண் தெரியவில்லை என்றார். அவர்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. குளிக்கிறவனுக்கு உடம்பில் கோளாறு வந்தால் அவனைக் கைவிட மாட்டார்கள், மேலே வள்ளத்தில் கயிறு பிடிக்க வைத்துப் பழைய பங்கையே கொடுப்பார்கள். ஆகவே கண் கெட்டிருந்தால் கயிறு, கண் நன்றாக இருந்தால் கள்ளன். அதை முடிவு செய்யத்தான் ஐந்து பேர் என் அறைக்கு வந்திருக்கிறார்கள்.

"நீங்க எழுதிக் குடுத்த பேப்பரக் கடக்கரையில வச்சுச் சத்தமா வாசிச்சாங்க. அன்னையிலருந்து ஒரு வள்ளத்துலயும் ஏத்த மாட்டாங்க. எம்புள்ளயச் சங்குக்கள்ளன் மவன்னு பள்ளிக்கூடத்துல கூப்பிடுதானுவ. கோயிலுக்குப் போனா இவரு பெஞ்சுல வேற ஆளு உக்கார மாட்டாங்க."

எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம். உங்களுக்கும் அப்படித்தான் வரும், ஜாக்கிரதையாக இருங்கள். "ஆறுக்கு ஆறு இருந்துச்சும்மா. இருந்ததத்தான எழுதினேன்" என்றேன்.

"இருந்துச்சு. எழுத்து தெரியுது அவருக்கு, நானும் பாத்தேன். ஆனா பக்கத்துல இருக்க செம்பத் தட்டி விடுதாரு. கூட நடந்து வார புள்ளய முட்டிட்டுப் போறாரு. தெருவுல சொந்தக்காரங்க பக்கவாட்டுல நின்னு கூப்பிட்டாப் பாக்காம போறாரு, திமிருன்னு பேசுதாங்க. இதுல ஒண்ணாவது நீங்க கேட்டியளா?"

அவள் மூன்றாவதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. உங்களுக்கும் புரிந்திருக்கும். கிளாக்கோமா. கண்ணின் நீர் அழுத்தம் நரம்பை அரித்து, ஓரப் பார்வையை முதலில் தின்றுவிட்டு, நடுவில் உள்ள பார்வையைக் கடைசிவரை விட்டுவைக்கும் நோய். எழுத்துப் பலகை அளப்பது அந்த நடுவை மட்டும்தான்.

மறுநாள் அவரை இழுத்து வந்தாள். "இன்னொரு பேப்பரு எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அழுத்தம் பார்த்தேன், இருக்கக் கூடாத அளவு இருந்தது. பார்வைப் பரப்பு பார்க்கும் கருவியில் உட்கார வைத்தேன். சுற்றிலும் புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும், தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். பொத்தான் சத்தம் எப்போதாவதுதான் கேட்டது. கருவி ரிப்பேராகிவிட்டதோ என்றுகூட ஒரு நிமிடம் நப்பாசைப்பட்டேன். வந்த தாளில் சுற்றிலும் கறுப்பு, நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளை.

அவர் அந்தத் தாளை முகத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். "வெள்ளைதான் எனக்குத் தெரியுததா?"

"ஆமா."

"அன்னைக்கு வந்தப்பவே இதைப் பாத்திருந்தா வெள்ளை இன்னும் கொஞ்சம் இருந்திருக்குமோ, சிஸ்டர்?"

இருந்திருக்கும் என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. அவர் திட்டவில்லை. தாளைச் செல்வியிடம் கொடுத்துவிட்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

செல்வியிடமிருந்து தாளை வாங்கிக்கொண்டு பெரிய டாக்டரிடம் போனேன். சொட்டு மருந்து எழுதினார், மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்றார். வைத்தியத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. "சார், பழைய சான்றிதழ் தப்புன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க" என்றேன்.

"எது தப்பு? அன்னைக்கும் சிக்ஸ் பை சிக்ஸ், இன்னைக்கும் சிக்ஸ் பை சிக்ஸ். நாம தப்பா எழுதலையே."

"சிரமம் இல்லைன்னு எழுதியிருக்கோம் சார்."

"படிவத்துல இருக்கிற கேள்விக்குச் சிரமம் இல்லை. அவ்வளவுதான். வேணும்னா இன்னைக்குத் தேதி போட்டு கிளாக்கோமான்னு எழுதித் தரேன்."

யோசித்துப் பாருங்கள். இன்றைய தேதி போட்ட தாளைக் கொண்டு போனால் கஸ்பார் என்ன சொல்வார்? அன்றைக்கு நன்றாக இருந்த கண் இப்போதுதான் கெட்டது, கள்ளனுக்குக் கடவுள் கொடுத்த கூலி என்பார். நோயும் இருக்கும், பட்டமும் போகாது. இதை நான் எடுத்துச் சொன்னேன். டாக்டர் அடுத்த ஃபைலைத் திறந்தார். "உங்க வேலை கண்ணு பாக்கிறது. பஞ்சாயத்து பண்றது இல்ல. ஆஸ்பத்திரி பேரச் சொல்லிக்கிட்டு அங்கெல்லாம் போகாதீங்க" என்றார்.

இந்த இடத்தில் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. நாங்கள் எழுதிய காகிதம் ஒரு மனிதரைப் பஞ்சாயத்தில் நிறுத்தித் தீர்ப்புச் சொல்லலாம். அதைத் திருத்தப் போனால் மட்டும் பஞ்சாயத்து நம் வேலை இல்லையா? பார்வையை அளக்கிறோம் என்று போர்டு வைத்துக்கொண்டு, வெள்ளை அட்டையில் கறுப்பு எழுத்து தெரிகிறதா என்பதை மட்டும் அளந்துவிட்டு, வாழ்க்கையில் சிரமமில்லை என்று சீல் குத்த நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? டாக்டர் மேல் மட்டும் பழியைப் போட்டுத் தப்பிக்கவும் மாட்டேன். உத்தரவு அவருடையது. சிரித்தது நான்.

அன்று சாயங்காலமே கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துக் கடற்கரைக்குப் போனேன். வள்ளங்கள் கரையேறியிருந்தன. கஸ்பாரும் மற்ற நாலு பேரும் சங்கைக் கொட்டித் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். நோயின் பெயரைச் சொன்னேன், ஓரப் பார்வை என்றேன், நரம்பு என்றேன். கஸ்பார் தலை நிமிராமல் கேட்டார்.

"அப்ப நல்லாருக்குன்னு எழுதுனது யாரு சிஸ்டர்?"

"நான்தான்."

"அது பொய்யா?"

"பொய் இல்ல. பத்தாது."

"பொய் இல்லங்கிய, உண்மையும் இல்லங்கிய. பொஞ்சாதி வந்து அழுதிருப்பா, மனசு எளகி வந்திருக்கிய. போங்க, போய் வேலையப் பாருங்க."

வாயால் சொல்லி ஆகாது என்று புரிந்துவிட்டது. பக்கத்து டீக்கடையில் இரண்டு செய்தித்தாள் வாங்கி, ஒவ்வொன்றையும் இறுக்கிக் குழலாகச் சுருட்டினேன். கஸ்பாரிடம் கொடுத்து இரண்டு கண்ணிலும் வைக்கச் சொன்னேன். முறைத்தார். "நீங்க என்னைய நம்ப வேண்டாம். ஒரு மூச்சு நேரம் இதை வச்சுக்கிடுங்க, போதும்" என்றேன். சுற்றி நின்றவர்கள் வேடிக்கைக்கு ஏதோ கிடைத்தது என்று, "வையும், வையும்" என்றார்கள்.

வைத்தார். "அங்கன தூரத்துல நிக்க விசைப்படகுல என்ன நம்பர்?" என்று கேட்டேன். ஒரு எழுத்து விடாமல் வாசித்தார்.

"ஆறுக்கு ஆறு" என்றேன். "இப்ப கீழ குனிஞ்சு சங்கு எடுங்க. மூச்சு விடக் கூடாது."

அதற்குள் இளையவன் ஒருவனிடம் சொல்லி, தோல் உரிக்காத சங்குகளை நான்கு பாகத் தூரத்துக்கு, அதாவது நாலு ஆள் கை விரித்த நீளத்துக்கு, ஈர மணலில் சிதறி, பாதி புதைத்து வைத்திருந்தேன். தோலோடு இருக்கும் சங்கு தவிட்டு நிறம், மணலோடு மணலாகக் கிடக்கும். கடலடியில் அதைத் தேடிப் பார்ப்பதில்லையாம், நீந்திப் போகும்போது கண்ணோரத்தில் ஏதோ மேடு தட்டுப்படும், திரும்பி எடுப்பார்களாம். இதைப் பின்னால் இஞ்ஞாசிதான் எனக்குச் சொன்னார்.

கஸ்பார் மூச்சைப் பிடித்துக் குனிந்தார். குழலை இப்படியும் அப்படியும் திருப்பினார். ஒன்று கிடைத்தது. ஒன்றை மிதித்துத் தாண்டிப் போனார். முதலில் சிரித்தார்கள். ஒரு சங்கு அவர் முழங்காலை ஒட்டியே கிடந்தது, அவர் அதைத் தவிர மற்ற இடமெல்லாம் தடவினார். அப்போது சிரிப்பு நின்றது. மூச்சு முட்டி நிமிர்ந்தபோது அவர் கையில் இரண்டு சங்கு இருந்தது. குழலை எடுத்துவிட்டுக் கீழே பார்த்தார். காலைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கிடந்தன.

"இது கரை. வெளிச்சம் இருக்கு, காலு தரையில இருக்கு" என்றேன். "அவரு இப்படித்தான் ஒரு வருசமா அடியில தேடியிருக்காரு."

கஸ்பார் மணலில் உட்கார்ந்துவிட்டார். "தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனானே" என்று மட்டும் சொன்னார்.

கடற்கரைக்குப் போனதற்கு எனக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன், மன்னிப்புக் கேட்கவில்லை. அதோடு, ஓய்வு பெறும் வரை எந்தப் படிவமானாலும் மேல் ஓரத்தில் பென்சிலால் மூன்று கேள்வி எழுதிக்கொள்வேன். இவருக்கு என்ன வேலை? அந்த வேலையில் கண் எதைத் தேடுகிறது? இந்தத் தாளை வைத்து யார் என்ன செய்யப் போகிறார்கள்? சுருட்டிய செய்தித்தாளுக்கு இருந்த புத்தி என் ஆறு லட்ச ரூபாய்க் கருவிக்கு இல்லாமல் போனதற்குக் காரணம் கருவி இல்லை, கேட்காமல் இருந்த என் வாய். சிலருக்கு அந்தக் கேள்விகளால் வைத்தியம் முன்கூட்டியே கிடைத்தது. அதை வைத்து இஞ்ஞாசி கணக்கு நேராகிவிட்டது என்று நான் மனதைத் தேற்றிக்கொள்ளவில்லை, நீங்களும் தேற்றிக்கொள்ளாதீர்கள்.

அன்று கடற்கரையிலிருந்து நேரே இஞ்ஞாசியின் வீட்டுக்குத்தான் போனோம். அவர் வாசலில் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார். கஸ்பார் அவருக்கு வலப்பக்கம் போய் நின்றார். கையை நீட்டினார். இஞ்ஞாசி அசையாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே கையை வாங்கவில்லை என்று நினைத்துக் கஸ்பாரின் முகம் சுண்டிப்போனது. உள்ளேயிருந்து செல்விதான், "அங்கன நின்னா அவருக்குத் தெரியாது" என்றாள்.

கஸ்பார் சுற்றி வந்து, அவருக்கு நேர் எதிரே மண்டியிட்டு, மறுபடியும் கையை நீட்டினார்.

"இப்பத் தெரியுது" என்றார் இஞ்ஞாசி. தன் கையைக் கொடுக்கவில்லை. "அன்னைக்கே இப்படி எதிர்ல வந்து உக்காந்து, ஒனக்கு என்னலே செய்யுதுன்னு கேட்டிருக்கலாம்லா?"

கஸ்பாரிடம்தான் சொன்னார். நான் அவருக்கு இடப்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். நான் அங்கே நிற்பது அவருக்குத் தெரியாது.